மூன்றாவது வரிசையில் அம்மா

போதகர் ஐயா, பத்து வயதுப் பிள்ளை ஒருத்தி கடவுளுக்கு எழுதியதை நீங்கள் திருடிப் படித்தீர்கள். படித்ததோடு விட்டிருந்தால்கூட நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்து, அந்தப் பிள்ளையையே அவள் அம்மாவுக்கு எதிரான சாட்சியாக்கினீர்கள்.

அந்தப் பிள்ளை நான்தான்.

சபையின் பொன்விழா மலருக்கு 'ஞாயிறு பள்ளி நாட்களின் இனிய நினைவு' என்று ஒன்று எழுதித் தரச் சொல்லி மலர்க்குழுவிலிருந்து கேட்டார்கள். இரண்டு பக்கம் போதுமாம். பழைய படம் இருந்தால் நல்லதாம். மலர் வெளியாகும் ஞாயிற்றுக்கிழமையே நீங்கள் ஓய்வு பெறுவதால் உங்களைப் பற்றியும் நாலு வார்த்தை இருந்தால் மகிழ்ச்சியாம். நாலு வார்த்தைக்கு மேலேயே இருக்கிறது. மலரில் போடுவதும் போடாததும் அவர்கள் இஷ்டம். அவர்கள் போடாவிட்டால் வேறு இடத்தில் போடுவேன்.

அப்போது எங்கள் வீடு சிங்கப்பூரின் வடக்கே மார்சிலிங்கில். அப்பா பரம்பரைக் கிறிஸ்தவர். அவருடைய தாத்தாவுக்குத் தாத்தா ஒரு முடிவு எடுத்தார், அதற்குப் பிறகு அந்தக் குடும்பத்தில் யாரும் எதையும் முடிவு செய்ய வேண்டி வரவில்லை. அப்பா சபையின் பாடகர் குழுவில் நன்றாகப் பாடுவார்.

அம்மாவின் கதை வேறு. தோ பாயோவில், கோயில் மணி கேட்கும் தூரத்தில் வளர்ந்தவள். பத்தொன்பது வயதில் தானாக வேதம் படித்து, தானாக முடிவெடுத்து, ஞானஸ்நானம் வாங்கப்போகிறேன் என்று தன் அப்பா முன்னால் போய் நின்றாள். தாத்தா அவள் துணிமணிகளை இரண்டு பிளாஸ்டிக் பைகளில் அடைத்து லிஃப்ட் வாசலில் கொண்டுபோய் வைத்துவிட்டார். இரண்டு வருடம் பேச்சு வார்த்தை இல்லை.

இந்தக் கதை சபைக்கு ரொம்பப் பிடிக்கும். வருடா வருடம் பெண்கள் ஞாயிறன்று அம்மாவை மேடைக்குக் கூப்பிட்டுச் சாட்சி சொல்ல வைப்பீர்கள். பிளாஸ்டிக் பை வரும் இடத்தில் அல்லேலூயா சத்தம் கூரையைத் தூக்கும். பிறகு தாத்தா சமாதானமானது, தீபாவளிக்கு எங்களுக்கென்று தனியாக முறுக்கு எடுத்துவைத்தது, கிறிஸ்மஸுக்கு இஸ்திரி போட்ட சட்டையில் எங்கள் வீட்டுக்கு வந்து கேக் தின்றது எதுவும் சாட்சியில் வராது. அம்மா அங்கே வருவதற்குள் நேரமாகிவிட்டது என்று பாட்டு ஆரம்பித்துவிடும்.

எனக்குப் பத்து வயதானபோது தாத்தாவுக்குத் தொண்டையில் நோய் வந்தது. விழுங்க முடியவில்லை. அம்மா சாங்கி விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் வேலை பார்த்தாள். வேலை முடிந்ததும் நேராக ஆஸ்பத்திரிக்குப் போய், கஞ்சியை வடிகட்டிச் சின்னக் கரண்டியில் ஊட்டுவாள். அம்மாவின் அண்ணன், அதாவது என் மாமா, ஊட்டினால் தாத்தா வாயைத் திறக்கமாட்டார்.

"நான் கரண்டியைத் தூக்கினா கடையைச் சாத்திடுறாரு. உன்னைப் பாத்தா மட்டும் லிஃப்ட் கதவு மாதிரி தானா திறக்குதுலா" என்பார் மாமா. தாத்தா சத்தமில்லாமல் சிரிப்பார். சிரித்த இடைவெளியில் அம்மா ஒரு கரண்டி உள்ளே தள்ளிவிடுவாள். கடைசி வாரத்தில் அதுவும் முடியாமல் போயிற்று. குழாய் வழியாகத்தான் எல்லாம். அம்மா கரண்டியைக் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு போய் வந்தாள்.

தாத்தா இறந்தபோது அவருடைய அடுக்குமாடி புளோக்கின் திறந்த கீழ்த்தளத்தில் கிடத்தினார்கள். சபையிலிருந்து நீங்கள் இருபது பேரோடு வந்தீர்கள். ஓரமாக நின்று தலைகுனிந்து ஜெபித்துவிட்டு, சடங்கு ஆரம்பிக்குமுன் பஸ் ஏறிவிட்டீர்கள். அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. அப்பா கார் நிறுத்துமிடத்துக்குப் போய் நின்றுகொண்டார். கண்ணால் பார்க்காதவரை எதுவும் நடக்கவில்லை என்பது அப்பாவின் கொள்கை.

பெட்டியை மூடுமுன் வாய்க்கரிசி போடச் சொன்னார்கள். இறந்தவர் வாயில் சொந்தங்கள் ஆளுக்கு மூன்று முறை அரிசி இடவேண்டும். மாமா முதலில் போட்டார். பிறகு அம்மா நின்ற இடத்துக்கு வந்து காதோடு பேசினார்.

"நீ வேணாம்மா. உங்க சர்ச்ல பிரச்சினை ஆகும். உனக்கும் சேர்த்து நானே போட்டுட்டேன்னு வச்சுக்க."

"என் பங்கை நீ எப்படிண்ணே போடுவே?"

"பாஸ்டர் கேட்டா?"

"கேக்கட்டும்."

செருப்பைக் கழற்றிவிட்டுப் போனாள். மூன்று முறை அள்ளினாள். மூன்றாவது முறை கையைச் சட்டென்று எடுக்கவில்லை, தாத்தாவின் உதட்டோரத்தில் சிந்திய அரிசியைக் கஞ்சி ஒழுகினால் துடைப்பதுபோல் விரலால் ஒதுக்கிவிட்டாள். நான் தூணுக்குப் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்தேன். சபையில் வேறு யாரும் பார்க்கவில்லை.

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அந்த வருடம் ஞாயிறு பள்ளியில் எங்களுக்கு விக்கிரக ஆராதனைப் பாடம் நடந்துகொண்டிருந்தது. நரகத்துக்கு யார் யார் போவார்கள் என்று பட்டியல் போட்டுப் படம் வரைந்து கலர் அடித்திருந்தோம். என் படத்துக்கு ஸ்டிக்கர்கூடக் கிடைத்தது. அந்தச் சிவப்புக் கலருக்குள் அம்மா போய்விடுவாளோ என்று இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

வகுப்பில் ஒரு ஜெபப் பெட்டி இருந்தது. தங்கநிறத் தாள் ஒட்டிய காலணிப் பெட்டி, மேலே ஒரு துளை. மனதில் பாரமாக இருப்பதை எழுதி மடித்துப் போடலாம். "யாரும் திறக்கமாட்டாங்க, இயேசப்பா மட்டும்தான் படிப்பாரு" என்று டீச்சர் சொல்லியிருந்தார். நான் இளஞ்சிவப்புத் தாளில் எழுதினேன். ஒவ்வொரு வார்த்தையும் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. 'இயேசப்பா, அம்மா தாத்தா வாயில் அரிசி போட்டார்கள். கோபப்படாதீர்கள். தாத்தாவுக்குச் சாப்பிட முடியவில்லை, அதனால்தான் போட்டார்கள். அம்மா நல்லவர்கள். ஆமென்.'

எழுதிப் போட்டதும் பசித்தது. அன்று இரண்டு தட்டு சோறு சாப்பிட்டேன்.

அடுத்த புதன்கிழமை சாயங்காலம் நீங்கள் வந்தீர்கள். கூடவே மூப்பர் ஒருவர், அப்பாவுக்குப் பக்கத்தில் நின்று பாடுபவர். அப்பா மின்விசிறியைக் கூட்டிவைத்தார். அம்மா தேநீர் கலந்து வந்தாள். நான் சாப்பாட்டு மேசையில் கணக்குப் பாடம் செய்துகொண்டிருந்தேன்.

"சிஸ்டர், ஒரு விஷயம் கேள்விப்பட்டோம். உண்மையா இருக்காதுன்னுதான் நினைக்கிறேன்" என்று ஆரம்பித்தீர்கள்.

"வாய்க்கரிசியா? உண்மைதான் பாஸ்டர். போட்டேன்."

நீங்கள் இதை எதிர்பார்க்கவில்லை. பொய் சொல்வாள், பிறகு தாளை எடுக்கலாம் என்று வந்திருக்கிறீர்கள். எடுக்கவேண்டிய தேவையே இல்லாமல் போன பிறகும் எடுத்தீர்கள். அதைத்தான் என்னால் இன்றுவரை தாங்கிக்கொள்ள முடியவில்லை.

"உங்க பிள்ளையே பாரத்தோட எழுதியிருக்கு பாருங்க" என்று வாசித்தீர்கள். முதல் வரியை மட்டும். 'அம்மா தாத்தா வாயில் அரிசி போட்டார்கள்.' அங்கே நிறுத்திவிட்டீர்கள்.

என் பென்சில் கையிலேயே நின்றுவிட்டது. அம்மா எழுந்து உங்கள் கையிலிருந்து தாளை வாங்கினாள். முழுவதையும் படித்தாள். மடித்தாள். என் பக்கம் திரும்பவே இல்லை. அவ்வளவு கோபம் என்று நினைத்துக்கொண்டேன்.

"மிச்சத்தை ஏன் படிக்கலை பாஸ்டர்?"

"சிஸ்டர், அது செத்தவங்களுக்குப் படைக்கிறது. உங்களுக்குத் தெரியாததா?"

"நான் யாருக்கும் படைக்கலை. எங்கப்பாவுக்கு ஊட்டினேன்."

மூப்பர் தேநீரைக் கீழே வைத்தார். "சிஸ்டர், இது ஒண்ணும் பெரிய மேட்டர் இல்லைலா. ஞாயித்துக்கிழமை திருவிருந்து. அதுக்கு முன்னாடி எந்திரிச்சு வந்து ஒரு வார்த்தை சொல்லிட்டா முடிஞ்சுது. ரெண்டு நிமிஷம்."

எங்கள் சபையில் இது ஒரு வழக்கம். தப்புச் செய்தவர் என்று கமிட்டி முடிவு செய்தால், அவர் திருவிருந்துக்கு முன் முன்னால் வந்து நின்று, 'நான் சபைக்கு இடறலாக இருந்தேன், என்னை மன்னியுங்கள்' என்று மைக்கில் சொல்லவேண்டும். நீங்கள் தலையில் கைவைத்து ஜெபிப்பீர்கள். அதன்பிறகுதான் அவருக்குத் திருவிருந்தின் அப்பமும் திராட்சை ரசமும். குடித்துவிட்டு வந்த ஒருவர் சொல்லியிருக்கிறார். மகளுக்கு ரகசியமாக ஜாதகம் பார்த்த அங்கிள் ஒருவர் சொல்லியிருக்கிறார். ஜாதகம் பொருந்தவில்லை என்பது அவருக்கு இரட்டை வருத்தம்.

"எதுக்கு மன்னிப்பு?" என்றாள் அம்மா. "என் மனசாட்சிக்குத் தப்பாத் தெரிஞ்சா நானே முதல் ஆளா வந்து நிப்பேன். ராத்திரியெல்லாம் ஜெபம் பண்ணிப் பாத்துட்டேன். தப்பாத் தெரியலை."

"அதை நீங்களா முடிவு பண்ணக்கூடாது சிஸ்டர். சபைக்குக் கீழ்ப்படியணும்."

"எங்கப்பாவும் இதையேதான் பாஸ்டர் சொன்னாரு. நீயா முடிவு பண்ணாதே, குடும்பத்துக்குக் கீழ்ப்படின்னு. நான் கேக்கலை. அதுக்கு நீங்க வருஷா வருஷம் கை தட்டுறீங்க."

நீங்கள் சிரித்தீர்கள். "அது விசுவாசம். இது பெருமை" என்றீர்கள். வாசலில் காலணி மாட்டும்போது அப்பாவிடம், "நீங்க கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க பிரதர்" என்றீர்கள்.

அப்பா எடுத்துச் சொன்னார். வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் சொன்னார். "ரெண்டு நிமிஷம் நின்னா தேஞ்சா போயிடுவே? நான் குயர்ல எப்படி நிக்கிறது? எல்லாரும் என்னையில்ல பாப்பாங்க?" அம்மா துணி மடித்தாள். என்னிடம் வழக்கம்போல் பேசினாள், தலை சீவினாள், டிபன் கட்டினாள். தாளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதுதான் என்னைக் கொன்றது. இரண்டு அடி போட்டிருந்தால் நிம்மதியாக அழுதிருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. திருவிருந்து நாட்களில் பிள்ளைகளும் பெரியவர்களோடு உட்காருவோம். மூன்றாவது வரிசை, ஓரத்தில் அம்மா, பக்கத்தில் நான். பிரசங்கம் முடிந்து நீங்கள் மைக்கைப் பிடித்தீர்கள். "ஒரு சகோதரி முன்னால் வருவார்கள்" என்றீர்கள்.

அம்மா அசையவில்லை. மடியில் வேதப்புத்தகம், அதன்மேல் இரண்டு கை.

"காத்திருப்போம்" என்றீர்கள். முன்வரிசைகளில் தலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. மேடையில் பாடகர் குழுவில் அப்பா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னாலிருந்து யாரோ ஒரு அம்மாள், "எந்திரிச்சுத்தான் போயேம்மா, பசிக்குது" என்று முணுமுணுத்தார்.

நான் எழுந்தேன்.

ஏன் என்று கேட்டால் பெரிய காரணம் எதுவும் இல்லை. நான் எழுதியதால்தானே வந்தது, நான் சொன்னால் முடிந்துவிடும் என்று பட்டது. அம்மாவின் கை என் பாவாடையைப் பிடிக்கப் பார்த்தது, நான் அதற்குள் நடைபாதைக்கு வந்துவிட்டேன். முன்னால் போய் நின்றேன். நீங்கள் குனிந்து மைக்கை என் உயரத்துக்கு இறக்கிக் கொடுத்தீர்கள். அந்த வாக்கியம் எனக்கு மனப்பாடம். "நான் சபைக்கு இடறலாக இருந்தேன், என்னை மன்னியுங்கள்."

சபையே உருகிப்போனது. கைக்குட்டைகள் வெளியே வந்தன. நீங்கள் அந்த நிமிடத்தில் என்ன செய்திருக்கலாம்? 'பாப்பா, நீ போய் உட்காரு' என்று சொல்லியிருக்கலாம். வளர்ந்த எந்த மனிதனும் அதைத்தான் செய்திருப்பான். நீங்கள் என் தலையில் கைவைத்தீர்கள். "பிள்ளை தாய்க்காக மன்னிப்புக் கேட்டுவிட்டது. சபை ஏற்றுக்கொள்கிறது. சிஸ்டர், வாங்க, ஆண்டவர் பந்தியில் கலந்துகொள்ளுங்க" என்றீர்கள். உங்களுக்கும் ஒரு வழி கிடைத்துவிட்டது. அப்பாவின் முகத்தில் வாரம் முழுதும் இல்லாத வெளிச்சம். நான் எல்லோரையும் காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்தேன். அவ்வளவு பெருமையாக நான் அதற்குமுன் இருந்ததில்லை.

அம்மா எழுந்து வந்தாள். அப்பத் தட்டு தயாராக இருந்தது. அவள் அதைத் தாண்டி என் பக்கத்தில் வந்து, என் தலைமேல் இருந்த உங்கள் கையை எடுத்து அந்தப் பக்கம் விட்டாள். மைக் இன்னும் என் உயரத்தில்தான் இருந்தது. அம்மா குனிந்து பேசவேண்டியிருந்தது.

"என் பிள்ளை ஒரு தப்பும் பண்ணலை. அவகிட்டேருந்து வாங்கின மன்னிப்பைத் திருப்பிக் குடுங்க."

அம்மா நின்றாள். உண்மையிலேயே பதிலுக்காக நின்றாள். நீங்கள் பாடகர் குழுவைப் பார்த்துக் கையை உயர்த்தினீர்கள். பாட்டு ஆரம்பித்தது. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு நடுநடைபாதை வழியாக வெளியே நடந்தாள். கதவு மூடும்வரை அப்பாவின் குரல் எனக்குத் தனியாகக் கேட்டது. சுருதி கொஞ்சமும் விலகவில்லை.

வெளியே லிட்டில் இந்தியா ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பிதுங்கிக்கொண்டிருந்தது. விடுமுறை நாள், ஊரிலிருந்து வந்த கட்டுமானத் தொழிலாளர்கள் நடைபாதை கொள்ளாமல் நின்று வீட்டுக்குப் போன் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் அவர்களுக்கு நடுவே ஓவென்று அழுதுகொண்டு நடந்தேன்.

"நீங்க சாரி சொல்லியிருக்கலாம்ல? நான்தான் சொல்லிட்டேனே, எல்லாம் முடிஞ்சிருச்சே! இன்னைக்குப் பிரியாணி வேற!"

அம்மா நின்றாள். அப்போதுதான் பார்த்தேன், அவளும் அழுதிருக்கிறாள்.

"பொய்யா ஒரு சாரி சொல்லிட்டு அந்த அப்பத்தை எப்படிடி வாயில வைப்பேன்?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிரியாணிதான் பெரிதாகத் தெரிந்தது. ஒரு கடையில் வாங்கிக் கொடுத்தாள். சபைப் பிரியாணி மாதிரி இல்லை என்று அதையும் முழுதாகச் சாப்பிடாமல் வைத்தேன்.

இனி அந்தப் பக்கமே போகமாட்டோம் என்று நினைத்தேன். அடுத்த ஞாயிறு காலையில் அம்மா சேலைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். "மறுபடியும் எதுக்கு?" என்று கேட்டேன். "அது ஆண்டவர் வீடு. பாஸ்டர் வீடா, அவரு துரத்தினா போறதுக்கு?" என்றாள். போனோம். அதே மூன்றாவது வரிசை, அதே ஓரம்.

அன்றிலிருந்து ஒவ்வொரு திருவிருந்துக்கும் இதுதான் நடக்கிறது. வரிசை வரிசையாக எழுந்து போவார்கள். மூன்றாவது வரிசை எழும்போது அம்மா மட்டும் உட்கார்ந்திருப்பாள். உள்ளே இருப்பவர்கள் அவள் முழங்காலைத் தாண்டித்தான் வெளியே வரவேண்டும். 'எக்ஸ்கியூஸ் மீ சிஸ்டர்' என்பார்கள். காலை ஒருக்களித்து வழிவிடுவாள். பெண்கள் ஞாயிறன்று சாட்சி சொல்ல அவளை யாரும் பிறகு கூப்பிடவில்லை.

உங்களை மட்டும் திட்டிவிட்டு நான் நல்லவளாக நின்றுகொள்ள முடியாது. பதினாறு வயதில் எனக்குத் திடப்படுத்தல் நடந்தது, பிள்ளைகளைச் சபையின் முழு அங்கத்தினராக்கும் சடங்கு. முதல் திருவிருந்து. வெள்ளைச் சேலை கட்டியிருந்தேன். எங்கள் வரிசை எழுந்தது. நானும் எழுந்து, அம்மாவின் முழங்காலைத் தாண்டிக்கொண்டு போனேன். என் சேலை எதிலும் சிக்கிவிடாமல் அவள் ஒரு கையால் ஒதுக்கிப் பிடித்து வழிவிட்டாள். எனக்கு அன்று வெட்கமாக இருந்தது. என்னை நினைத்து அல்ல. இப்படி எல்லோர் முன்னாலும் உட்கார்ந்திருக்கிறாளே என்று அவளை நினைத்து.

பத்து வயதிலும் எனக்குத் தெரியவில்லை, பதினாறிலும் தெரியவில்லை. எழுந்து போகிறவர்கள் நல்லவர்கள், உட்கார்ந்திருப்பவள் தண்டனை வாங்கியவள் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த அப்பத்துக்குப் பயந்தவள் அவள் ஒருத்திதான் என்பது என் மண்டையில் ஏற இத்தனை வருடம் ஆகியிருக்கிறது. அன்றைக்கு வீட்டில் அவள் என் பக்கம் திரும்பாததும் கோபத்தால் இல்லை. திரும்பியிருந்தால் நீங்களும் திரும்பியிருப்பீர்கள். பயந்துபோன என்னைக் கூப்பிட்டு நடுவில் நிறுத்தி இன்னும் நாலு கேள்வி கேட்டிருப்பீர்கள்.

ஞாயிறு பள்ளி டீச்சர் போன வருடம் என்னைத் தேடி வந்தார். மாதா மாதம் பெட்டியை நீங்கள் கேட்டு வாங்கியதாகச் சொல்லி அழுதார். அவர் மன்னிப்புக் கேட்டார். யாரும் கேட்கச் சொல்லவில்லை, மைக்கும் இல்லை. என் வீட்டு வாசலில் நின்று கேட்டார்.

ஐயா, அம்மாவுக்கு இப்போது அறுபத்து நான்கு வயது. இருபத்து நாலு வருடமாகத் தன் சபையில் அப்பம் வாங்காமல் உட்கார்ந்திருக்கிறாள். அவள் உங்களிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அதற்கு நீங்கள் பாட்டைப் பதிலாகக் கொடுத்தீர்கள்.

பொன்விழா ஞாயிறும் திருவிருந்து ஞாயிறுதான் என்று அழைப்பிதழில் பார்த்தேன். மாலை போடுவார்கள், பொன்னாடை போர்த்துவார்கள், மைக் உங்கள் கையில் இருக்கும். எனக்குத் தனியாக வாட்ஸ்அப் அனுப்பாதீர்கள். மூப்பரைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வராதீர்கள். எங்களுக்காக ஜெபிப்பதாகவும் சொல்லாதீர்கள். 'பிள்ளைகளின் பெட்டியைத் திறந்தது நான்தான்' என்று அந்த மைக்கில் சொல்லுங்கள். பத்து வயதுப் பிள்ளையிடம் வாங்கிய அந்த மன்னிப்பு செல்லாது என்று சொல்லுங்கள். செல்லும் என்றால் அதையும் சொல்லுங்கள், எந்த நியாயத்தில் என்று சேர்த்துச் சொல்லுங்கள். பாடகர் குழுவைப் பார்க்காதீர்கள். மூன்றாவது வரிசையைப் பார்த்து, சபை முழுதும் கேட்க, பதில் சொல்லுங்கள்.